கிரியேட்டினின் கேட்கிறோம் சரி... இதயத்தைக் கேட்டோமா?

வீட்டில் யாருக்காவது கிட்னி பிரச்னை இருந்தால் இது உங்களுக்குப் பழகிய விஷயம்தான். லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுவீங்க. அடுத்த நிமிஷமே சித்தப்பாகிட்ட இருந்து ஒரே கேள்வி வரும். "கிரியேட்டினின் எவ்வளவு?" 2.1-ன்னு சொன்னா, "போன தடவை 1.9 தானே இருந்துச்சு"ன்னு அத்தை பதறுவாங்க. இன்னொருத்தர் சிறுபீளை, நெருஞ்சி முள் கஷாயம்னு ஒரு வீடியோவை ஃபார்வேர்டு பண்ணுவார். டயாலிசிஸ் வந்துடுமோ என்ற பயம்தான் அத்தனை பேர் மனசிலும் இருக்கும்.

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால், அந்த குரூப்பில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "எக்கோ எடுத்தாச்சா? இதயம் எப்படி இருக்கு?"

ஏன் கேட்கணும்? நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போவதே இல்லை. அதற்கு முன்பே இதய நோயால் இறந்துவிடும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம், மற்றவர்களைப் போல பத்து முதல் இருபது மடங்கு என்று 1990-களிலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். இளவயது டயாலிசிஸ் நோயாளிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பல மடங்கு. உலகத்தில் சுமார் 85 கோடி பேருக்கு ஏதோ ஒரு வகையில் சிறுநீரக நோய் இருக்கிறது என்கிறது சர்வதேச சிறுநீரகவியல் சங்கத்தின் மதிப்பீடு. அத்தனை பேர் வீட்டிலும் கவனம் கிட்னி மேலயே இருக்கு. ஆள் விழுவதோ இதயத்தால்.

இதயம் 'பெரிசாகிறது' என்றால் என்ன?

"ஹார்ட் வீங்கியிருக்கு"ன்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. கால் வீங்குவது போல நீர் கோத்து வீங்குவது அல்ல இது. இதயத்தில் நான்கு அறைகள். அதில் இடது கீழறைதான் உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் அறை. சிறுநீரக நோயாளிகளிடம் பெரும்பாலும் மாறுவது இந்த அறைதான். ஒன்று, அதன் சுவர் தடிக்கும். இல்லையென்றால் அறையே விரிந்து பெரிதாகும். பலருக்கு இரண்டும் சேர்ந்து நடக்கும்.

ஜிம்முக்குப் போகிறவர் என்றால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். தசை தடித்தால் பலம்தானே? ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் இதயம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், உண்மைதான். ஆனால், அவர்களுக்குத் தசையோடு சேர்ந்து அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் வளர்கின்றன. தினமும் சில மணி நேர உழைப்பு, பிறகு ஓய்வு. சிறுநீரக நோயாளியின் இதயத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. 24 மணி நேரமும் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளிக்கிட்டே இருக்கணும். தசை தடிக்கும் அளவுக்கு ரத்தக்குழாய்கள் வளராது. தசை நார்களுக்கு நடுவே தழும்பு போன்ற திசு படியும். சுவர் விறைத்துப்போகும். விறைத்த அறை சுருங்கும், ஆனால் சரியாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கும். அந்தத் தழும்புகள் வழியே இதயத்தின் மின் ஓட்டமும் தடுமாறும். தூக்கத்திலேயே போயிட்டார் என்று சொல்லப்படும் பல மரணங்களுக்குப் பின்னால் இந்தத் தடுமாற்றம் இருக்கக்கூடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், சிறுநீரக நோயால் இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்தபோது பலருக்கு இதயம் பெருத்திருப்பதைக் கவனித்து 1836-லேயே எழுதினார். கையில் பட்டை கட்டி பிபி பார்க்கும் கருவியே 1896-ல்தான் வந்தது. அதாவது, பிபி என்ற எண்ணை உலகம் அளக்க ஆரம்பிப்பதற்கு அறுபது வருஷம் முன்பே கிட்னிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு தெரிந்துவிட்டது. நம்ம ஃபேமிலி குரூப்புக்குத்தான் இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எப்போது ஆரம்பிக்கிறது?

டயாலிசிஸ் வந்த பிறகுதான் இதெல்லாம் என்று நினைத்தால் அது தப்பு. கனடாவில் 1990-களில் செய்த ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டின. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஓரளவு நன்றாக இருந்தவர்களிலேயே நூற்றில் 27 பேருக்கு இடது கீழறை தடித்திருந்தது. திறன் நடுத்தரமாகக் குறைந்தவர்களில் 31 பேர். மிகவும் குறைந்தவர்களில் 45 பேர். டயாலிசிஸ் தொடங்கும்போது எக்கோ எடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் 74 பேர். இந்த எண்களைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்க. டயாலிசிஸ் மெஷினில் முதல் முறை படுக்கும்போதே நாலில் மூன்று பேருக்கு இதயம் மாறிவிட்டிருந்தது. அதுவரை வருஷக்கணக்காக கிரியேட்டினினை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

இத்தனைக்கும் இதில் வலி கிடையாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "வயசாச்சு, உடம்பு எடை போட்டுடுச்சு"ன்னு அதுக்கு ஒரு காரணம் நாமே சொல்லிக்குவோம்.

யார் குற்றவாளி?

முதல் சந்தேகம் பிபி மேல்தான் விழும், விழவும் வேண்டும். அழுத்தம் அதிகமான குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கிறது, தடிக்கிறது. ஆனால், சிறுநீரக நோயில் பிபிக்கு ஒரு விஷமத்தனம் உண்டு. நம் எல்லோருக்கும் ராத்திரி தூங்கும்போது பிபி பத்து சதவிகிதத்துக்கு மேல் இறங்கும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு நேரம். சிறுநீரக நோயாளிகள் பலருக்கு இந்த இறக்கம் நடப்பதில்லை. சிலருக்கு ராத்திரியில் ஏறவே செய்யும். பகலில் கிளினிக்கில் பார்க்கும்போது 130-ன்னு சமர்த்தா இருக்கும் பிபி, ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியாது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம்.

அடுத்தது ரத்தசோகை. சிவப்பணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் சுரக்கிறது. கிட்னி பழுதானால் அந்த உத்தரவு குறையும், ஹீமோகுளோபின் இறங்கும். எட்டு கிராம் ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுக்க, இதயம் அதிகமான ரத்தத்தை வேகமாகச் சுற்றிவிட வேண்டியிருக்கும். அறை விரியும். அப்படின்னா ஊசி போட்டு ஹீமோகுளோபினை 13, 14-ன்னு ஏத்திடலாமேன்னு தோணும். மருத்துவ உலகத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. 2006-லும் 2009-லும் வெளியான பெரிய ஆய்வுகள் அந்த ஆசையில் மண்ணைப் போட்டன. சாதாரண அளவுக்கு ஏற்றியதில் இதயத்துக்கு லாபம் இல்லை. ஒரு ஆய்வில் பக்கவாதம் சுமார் இரண்டு மடங்கானது. அதனால்தான் டாக்டர்கள் 10, 11-ஐ ஒட்டி நிறுத்திவிடுகிறார்கள். "ஏன் டாக்டர் இன்னும் ஏத்த மாட்டேங்கிறாரு"ன்னு கோபப்படாதீங்க.

மூன்றாவது ஆள், பலருக்கு அறிமுகமே இல்லாதவர்: பாஸ்பரஸ். கிட்னியால் அதை வெளியேற்ற முடியாதபோது, எலும்பில் இருந்து எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோன் ஏராளமாகச் சுரக்கிறது. கிட்னியைத் தட்டியெழுப்ப வந்த இந்த ஹார்மோன், இதயத் தசையையும் நேரடியாகத் தடிக்க வைக்கிறது என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. போதாததற்கு, கால்சியமும் பாஸ்பரஸும் ரத்தக்குழாய்ச் சுவர்களில் படிந்து அவற்றைக் கல் மாதிரி ஆக்கும். ரப்பர் குழாய் இரும்புக் குழாயாக மாறினால் பம்புக்கு எவ்வளவு சிரமம்? பருப்பில், பயறில் இருக்கும் பாஸ்பரஸில் பாதிகூட உடம்பில் சேராது. பாக்கெட் உணவுகளிலும் கோலா பானங்களிலும் பாஸ்பேட்டாகச் சேர்க்கப்படுவது ஏறக்குறைய முழுசாக உள்ளே போய்விடும். வீட்டுப் பருப்புக் குழம்பை நிறுத்திவிட்டு, 'லைட்டா இருக்கட்டும்'னு பாக்கெட் நூடுல்ஸ் கொடுக்கிற வீடுகளை என்ன சொல்ல!

சர்க்கரை நோய், வயது, ரத்தத்தில் தேங்கும் கழிவுகள் இதெல்லாமும் பட்டியலில் உண்டு. டயாலிசிஸுக்காகக் கையில் போடும் ஃபிஸ்டுலாகூட சிலருக்கு இதயத்தின் சுமையைக் கூட்டும். ஆனால், வீட்டில் இருக்கிறவர்களால் மாற்றக்கூடிய காரணங்களில் மிகப் பெரியதை இன்னும் சொல்லவில்லை. அது உப்பும் தண்ணீரும். அதைத் தனியாகவே பேசணும்.

நாலு நாள் கணக்கு

ஒரு சின்ன கணக்கு போடுவோம். சுமார் எட்டு கிராம் உப்பு, உடம்பில் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். இது ரசாயனம், உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், ரத்தத்தின் உப்புத்தன்மை பழைய அளவுக்கு வரும்வரை தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். நம் நாட்டில் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்குச் சாப்பிடும் உப்பு 8 முதல் 11 கிராம் வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள்.

சிறுநீர் சுத்தமாக நின்றுபோன, 60 கிலோ எடையுள்ள ஒரு டயாலிசிஸ் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். திங்கள், வியாழன். வியாழனுக்குப் பிறகு அடுத்த திங்கள் வர நாலு நாள். தினமும் 10 கிராம் உப்பு என்றால், ஒரு நாளைக்கு ஒன்றேகால் லிட்டர், நாலு நாளில் ஐந்து லிட்டர் நீர் உள்ளே சேரும். வியர்வையில், மூச்சில் போவதைக் கழித்தாலும் பெரிய அளவுதான். இதை வெளியே எடுக்க மெஷினுக்குக் கிடைப்பது நாலு மணி நேரம். மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் வேகமாக நீரை உறிஞ்சினால் மரண ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. 60 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் அந்த எல்லை சுமார் மூன்று லிட்டர்.

ஐந்து லிட்டர் உள்ளே, மூன்று லிட்டர் வெளியே. மிச்சம்? ஒன்று, அது உடம்பிலேயே தங்கி இதயத்தை விரிக்கும். இல்லையென்றால் அவசர அவசரமாக உறிஞ்சும்போது பிபி சடாரென்று விழும், தசைப்பிடிப்பு வரும், இதயத் தசைக்கே சில நிமிஷம் ரத்தம் போதாமல் போகும். வாரா வாரம் இப்படி அடிவாங்கும் இதயம் என்ன ஆகும்?

இப்போது உப்பை 5 கிராமாக்கிப் பாருங்க. நாலு நாளில் இரண்டரை லிட்டர். எல்லைக்குள் வந்துவிட்டது. "தண்ணி குடிக்காதீங்க, தண்ணி குடிக்காதீங்க"ன்னு அப்பாவை நாள் முழுக்க அதட்டுவதைவிட, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர், ஹோட்டல் சட்னியை மேஜையில் இருந்து எடுத்துட்டா தாகமே பாதியாகும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது கொடுமை. சொல்றவங்களுக்கு அது தெரியறதில்லை.

சரி, வாரம் இரண்டு முறை ஏன்? உலகின் பல நாடுகளில் வழக்கம் வாரம் மூன்று முறை. அதிலேயே, இரண்டு நாள் இடைவெளி விழும் வார இறுதிக்குப் பிறகு மரணங்கள் கூடுவதை 2011-ல் அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். வாரம் ஆறு முறை டயாலிசிஸ் செய்து பார்த்த 2010-ம் ஆண்டு ஆய்வில் பெருத்த இதயத்தின் எடை குறைந்தது. அடிக்கடி நீரை எடுத்தால் இதயம் சுருங்கித் திரும்புகிறது என்பதற்கு இதைவிட நேரடி சாட்சி வேண்டாம். இந்தியாவில் ஏராளமானவர்கள் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மருத்துவக் காரணத்தால் அல்ல. பஸ் செலவு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி, மெஷினில் இடம் கிடைப்பது, பணம்.

2016-ல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டமும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் லட்சக்கணக்கான குடும்பங்களைக் கடனில் இருந்து காப்பாற்றியிருக்கின்றன. அதில் சந்தேகமில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', வயிற்று வழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீரை எடுக்கும் அந்த முறையில் நாலு நாள் சிக்கல் இல்லை. ஆனால், எத்தனை மெஷின் வாங்கினோம், எத்தனை சுற்று டயாலிசிஸ் நடந்தது என்று எண்ணுவதோடு நம் கணக்கு நின்றுவிடுகிறது. மெஷினில் படுப்பவர்களில் எத்தனை பேருக்கு பிபி கட்டுக்குள் இருக்கிறது, எத்தனை பேருக்கு எக்கோ எடுத்தோம், எத்தனை பேர் அளவுக்கு மீறிய நீரோடு வருகிறார்கள் என்பதையும் எண்ண ஆரம்பித்தால், அதே பணத்தில் கூடுதல் உயிர்கள் தங்கும் என்பது என் கருத்து.

கொஞ்சம் நல்ல செய்தி

2025-ம் வருஷம் இந்த விஷயத்தில் சில கதவுகள் திறந்தன. மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார மாநாடு, சிறுநீரக நலனுக்கென்று ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. தீர்மானம் காகிதம்தான். ஆனால் சர்க்கரை, இதயம், புற்றுநோய் என்று பேசும்போதெல்லாம் விட்டுப்போன கிட்னிக்கு ஒரு நாற்காலி கிடைத்திருக்கிறது.

அதைவிட உடனடியாக நம் பர்ஸைத் தொட்டது வேறொன்று. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்தது. சுமார் 60 ரூபாய்க்கு விற்ற ஒரு மாத்திரையை, பல நிறுவனங்கள் பத்து ரூபாய்க்கும் குறைவாகக் கொண்டுவந்தன. இதே குடும்பத்தைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினின் விலை 2020-லேயே இறங்கிவிட்டது. சர்க்கரைக்காக வந்த மாத்திரைகள்தான் இவை. ஆனால், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் கிட்னி பழுதாகும் வேகத்தைக் குறைக்கின்றன, இதயச் செயலிழப்பையும் குறைக்கின்றன என்று பெரிய ஆய்வுகள் 2020-ல் இருந்து வரிசையாகக் காட்டின. சிறுநீர் வழியாக சர்க்கரையோடு உப்பையும் கொஞ்சம் நீரையும் வெளியே தள்ளும் மாத்திரை என்பதால், மேலே போட்ட கணக்கு இதன் பலனை ஓரளவு விளக்கும். விலை தடையாக இருந்த காலம் போச்சு. உங்க அப்பாவின் சீட்டில் இது இல்லையென்றால், "எங்களுக்கு இது பொருந்துமா?"ன்னு டாக்டரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. எல்லோருக்கும் பொருந்தாது, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு வழக்கமாகத் தொடங்குவதில்லை, விரதம் இருக்கும்போதும் வாந்தி பேதியின்போதும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஒரு நல்ல செய்திக்குள் ஒரு பொறி

2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், சமையலுக்கு சோடியம் குறைந்த மாற்று உப்பைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் இதுபற்றிப் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் களப்பணி தொடங்கியது. ரீல்ஸில் 'லோ சோடியம் சால்ட்' விளம்பரங்களும் வரத் தொடங்கிவிட்டன. பாசத்தோடு அம்மாவுக்கு ஒரு பாக்கெட் ஆர்டர் போட்டுடுவீங்க.

போடாதீங்க. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பதுதான் இந்த உப்பு. ஆரோக்கியமான கிட்னி கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பழுதான கிட்னியால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். ஏற்கெனவே தடித்துத் தழும்பேறிய இதயத்துக்கு இது இன்னும் ஆபத்து. அதே வழிகாட்டுதலில், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். விளம்பரத்தில் அந்த வரி பொடி எழுத்தில் இருக்கும். இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்பதும் நடக்காத காரியம். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். எந்த உப்பாக இருந்தாலும் அளவைக் குறைப்பது ஒன்றே வழி.

இதே மாதிரி இன்னொரு பொறி, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போடும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள். அவை கிட்னியைக் கெடுப்பது பலருக்குத் தெரியும். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி பிபியை ஏற்றி, இதயத்தையும் படுத்தும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

எங்க வீட்டில் சர்க்கரை, பிபி இல்லையே...

நிம்மதியாக இருந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியான ஆய்வு, நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் காட்டியது. அவர்களில் பாதிப்பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் பல மணி நேர உழைப்பும் உடம்பு வறண்டுபோவதும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். இலங்கையில் அனுராதபுரம் பகுதி விவசாயிகளிடம் இதே போன்ற நோய் பல வருஷமாக இருந்துவருகிறது. ஊரில் வயல் வேலைக்குப் போகிற தாத்தாவோ மாமாவோ "எனக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொன்னாலும், ஒரு தடவை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துடுங்க. புரதம் பார்க்கும் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 2023-ல் கொண்டுவந்திருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகுவது கிட்னிக்கு மட்டும் அல்ல, இதயத்துக்கும் முன்னெச்சரிக்கை மணி.

எக்கோ ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்ப்பது?

பெரும்பாலானவர்கள் பார்ப்பது 'இ.எஃப்' என்ற எண்ணை. 60 சதவிகிதம் என்றிருந்தால் "நார்மல்"னு பெருமூச்சு விட்டு ஃபைலை மூடிடுவாங்க. ஆனால், சிறுநீரக நோயாளியின் தடித்த இதயம் சுருங்குவதில் நன்றாகவே இருக்கும். விரிவதில்தான் கோளாறு. அதனால் இ.எஃப் 60 இருந்தும் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு. 'எல்.வி.ஹெச்' அல்லது 'கான்சென்ட்ரிக்' என்ற சொல் இருக்கிறதா, சுவரின் தடிமன் என்ன, 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்க. ஆரோக்கியமான சுவர் பெண்களுக்கு 9 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. இ.சி.ஜி. மட்டும் எடுத்துவிட்டுத் திருப்தி அடைய முடியாது, அது பல தடித்த இதயங்களைத் தவறவிடும். டயாலிசிஸில் இருப்பவர் என்றால், நீர் கோத்து வீங்கியிருக்கும் நாளில் எக்கோ எடுத்தால் இதயம் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும். டயாலிசிஸ் முடிந்து சரியான எடைக்கு வந்த பிறகு, முடிந்தால் மறுநாள் எடுப்பது சரியாக இருக்கும். டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் ஒன்று, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது என்பது அமெரிக்க வழிகாட்டுதலில் பல வருஷமாக இருக்கும் பரிந்துரை.

வீட்டில் ஒரு எடை மெஷினும் ஒரு பிபி மெஷினும் இருந்தால் போதும், பாதி வேலை உங்க கையில். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு எடை. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு பிபி. ஃபிஸ்டுலா இருக்கும் கையில் பார்க்கக் கூடாது. இரண்டையும் போனில் ஒரு நோட்டில் போட்டு வைத்து, அடுத்த விசிட்டில் டாக்டரிடம் நீட்டுங்க. பிபியை எங்கே நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். டயாலிசிஸுக்குப் போகாத நோயாளிகளுக்கு, தாங்கிக்கொள்ள முடிந்தால், மேல் எண் 120-க்குள் என்று சர்வதேச சிறுநீரக வழிகாட்டுதல் 2021-ல் சொன்னது. வயதானவர்களுக்கு, எழுந்தால் தலைசுற்றுபவர்களுக்கு அந்தக் கண்டிப்பு சரிவராது.

தடித்த இதயம் திரும்புமா? ஓரளவு திரும்பும். பிபியும் நீரும் கட்டுக்குள் வந்தவர்களிடம், ரத்தசோகை சரியானவர்களிடம், வெற்றிகரமாக மாற்று சிறுநீரகம் பெற்ற பலரிடம் சுவரின் தடிமன் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். தழும்பு அதிகம் படிவதற்கு முன் தொடங்கினால் திரும்ப வாய்ப்பு அதிகம்.

அதுவரைக்கும் வீட்டில் சில விஷயங்களைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை கேட்பது. நடு ராத்திரி எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்கார்வது. இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறுவது, செருப்பு இறுக்கமாவது. இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டருக்கு அன்றைக்கே போன் பண்ணுங்க. உட்கார்ந்த நிலையிலேயே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ, டயாலிசிஸ் நாள் தவறிய பிறகு கை கால் தளர்ந்து போனாலோ போனில் விசாரிப்பதெல்லாம் வேண்டாம். நேரே 108.